ஐந்து பேர் வாங்கிய மெஷின்

1. ஒரு வருஷத்துச் சேமிப்பு

பெங்களூரில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு தொழில் செய்கிறார்கள். வீடுகளையும் அலுவலகங்களையும் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்யும். அடுத்த குடும்பம் வருவதற்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். அப்போது இவர்களைக் கூப்பிடுவார்கள். பெயிண்ட் அடித்து முடித்த வீட்டுக்கும் கூப்பிடுவார்கள்.

ஐந்து பேரும் தமிழ் பேசுகிறவர்கள். மூத்தவரைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். வரவு செலவு எழுதுகிறவர் கணக்கக்கா. எல்லோருக்கும் இளையவள் தங்கச்சி.

முன்பு ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கினார்கள். தூசியை உறிஞ்சும் மெஷின் அது. விலை 4,500 ரூபாய். நாலு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் கருகிய வாசனை வந்தது. மெஷின் நின்றுவிட்டது.

கடைக்கு எடுத்துப் போனார்கள். "ஒரு வருஷ வாரண்டி இருக்கிறதே" என்று கேட்டார் பெரியக்கா. கடைக்காரர் வாரண்டி கார்டை வாங்கினார். ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "இதைப் படிக்கவில்லையா?" என்று கேட்டார்.

கார்டு ஆங்கிலத்தில் இருந்தது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தங்கச்சியின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் படித்துச் சொன்னாள்.

"வீட்டு உபயோகத்துக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது."

4,500 ரூபாய் போயிற்று. அந்த மாதம் ஒத்துக்கொண்ட இரண்டு வேலைகளும் கைவிட்டுப் போயின.

அதன் பிறகு மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேர்த்தார்கள். ஐந்து பேருக்கு 1,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் 12,000 ரூபாய் சேர்ந்தது. இந்தப் பணத்தில் என்ன வாங்குவது?

"இன்னொரு 4,500 ரூபாய் மெஷினே போதும். மீதிப் பணம் கையில் இருக்கட்டும்" என்றார் கணக்கக்கா.

"நான் வேலை செய்கிற வீட்டில் பெரிய கம்பெனி மெஷின் இருக்கிறது. வயரே கிடையாது. சத்தமும் குறைவு. 40,000 ரூபாயாம். கடன் வாங்கியாவது அதை வாங்கலாம்" என்றாள் தங்கச்சி.

பெரியக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இன்னொரு முறை ஏமாறக் கூடாது. முதலில் பழைய மெஷின் ஏன் செத்தது என்று தெரிந்துகொள்வோம்."

2. மெஷினைத் திறந்தார்கள்

பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இருந்தது. கடைக்கார அண்ணன் மெஷினைத் திறந்தார். உள்ளே வெள்ளை மாவு போல அப்பியிருந்தது.

"இது என்னம்மா, கோதுமை மாவா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணா. பெயிண்ட் அடிக்கும் முன்பு சுவரில் பட்டி பார்ப்பார்களே, அந்தத் தூசி."

அண்ணன் தலையை ஆட்டினார். மெஷின் வேலை செய்யும் விதத்தைச் சொன்னார்.

இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறோம். வாயால் காற்றை இழுக்கிறோம். இளநீர் தானாக மேலே வருகிறது. வாக்குவம் கிளீனரும் அப்படித்தான். உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. அது ஒரு விசிறியை மிக வேகமாகச் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று குழாய் வழியாக ஓடி வருகிறது. வரும்போது தூசியையும் இழுத்து வருகிறது. வழியில் பை அல்லது வடிகட்டி தூசியைப் பிடித்துக்கொள்கிறது. காற்று மட்டும் வெளியே போகிறது.

ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் ஏறாது. மெஷினின் குழாயில் ஓட்டை இருந்தால் தூசி ஏறாது. வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் அதே கதைதான்.

"உங்கள் மெஷினில் மோட்டாரைக் குளிர வைப்பதும் அந்தக் காற்றுதான்" என்றார் அண்ணன். "வடிகட்டி அடைத்தால் காற்று வராது. மோட்டார் சூடாகும். இன்னொன்றும் பாருங்கள்."

அவர் இரண்டு சின்னக் கறுப்புத் துண்டுகளைக் காட்டினார். அவை கார்பன் பிரஷ். சுற்றுகிற பாகத்தைத் தொட்டுக்கொண்டு மின்சாரம் கொடுப்பவை. உரசி உரசித் தேயும். சில நூறு மணி நேரம் ஓடினால் மாற்ற வேண்டி வரும்.

"இதை அப்போதே மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். தேய்ந்த பிறகும் ஓட்டியதால் உள்ளே எல்லாம் கருகிவிட்டது" என்றார்.

"நாலே மாதத்திலா தேயும்?" என்று கேட்டாள் தங்கச்சி.

"நீங்கள் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார் அண்ணன்.

3. கணக்கக்காவின் கணக்கு

அன்று இரவு கணக்கக்கா நோட்டை எடுத்தார். இரண்டு கணக்கு எழுதினார்.

ஒரு வீட்டில்:
ஒரு தடவைக்கு 10 நிமிடம்.
வாரத்துக்கு 2 தடவை. ஆக 20 நிமிடம்.
வருஷத்துக்கு 52 வாரம். 20 x 52 = 1,040 நிமிடம்.
அதாவது வருஷத்துக்குச் சுமார் 17 மணி நேரம்.

நம் வேலையில்:
ஒரு நாளைக்கு 3 மணி நேரம்.
மாதத்துக்கு 25 நாள். 3 x 25 = 75 மணி நேரம்.

கணக்கக்கா இரண்டு எண்களையும் பார்த்தார். 17 ஒரு வருஷத்துக்கு. 75 ஒரு மாதத்துக்கு.

"அக்கா, ஒரு வீட்டில் நாலு வருஷத்துக்கு மேல் ஓடுகிற ஓட்டத்தை நாம் ஒரே மாதத்தில் ஓட்டிவிடுகிறோம்!" என்றார். "நாலு மாதத்தில் 300 மணி நேரம். ஒரு வீட்டுக்கு அது பதினேழு வருஷத்து ஓட்டம்."

எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். மெஷின் மோசமானது அல்ல. வீட்டுக்குச் செய்த மெஷின் அது. ஆட்டோவில் லாரிச் சுமையை ஏற்றினால் ஆட்டோ என்ன செய்யும்?

"அதனால்தான் கார்டில் அந்த வரியைப் போட்டிருக்கிறான்" என்றார் பெரியக்கா.

4. இதைச் செய்தவரும் ஒரு துப்புரவுத் தொழிலாளி

வாக்குவம் கிளீனர் பணக்காரர் வீட்டுப் பொருள் என்று நினைக்கிறோம். அதன் கதை வேறு.

1901ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹியூபர்ட் பூத் என்பவர் ஒரு மெஷின் செய்தார். அது மிகப் பெரியது. குதிரை வண்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். வண்டி தெருவில் நிற்கும். நீளமான குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்பாங்லர் என்பவர் இருந்தார். அவர் ஒரு பெரிய கடையில் துப்புரவுத் தொழிலாளி. அவருக்கு ஆஸ்துமா. கம்பளத்தைப் பெருக்கும்போது தூசி பறக்கும். இருமல் வரும். மூச்சு முட்டும். அவர் ஒரு சின்ன மோட்டாரை எடுத்தார். அதைத் துடைப்பக் கழியில் பொருத்தினார். தூசி பிடிக்கத் தலையணை உறையைக் கட்டினார். கையால் தள்ளிக்கொண்டு போகும் மின்சார வாக்குவம் கிளீனர் பிறந்தது. 1908ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை ஹூவர் என்பவர் வாங்கினார். அவர் பெயரில்தான் கம்பெனி உலகப் புகழ் பெற்றது.

பைக்கு ஒரு குறை உண்டு. தூசி சேரச் சேரப் பையின் துளைகள் அடைபடும். இழுப்பு குறையும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்பவர் இதற்கு வழி தேடினார். காற்றைச் சுழல வைத்தால் தூசி ஓரமாக ஒதுங்கி விழும். தயிர் கடையும்போது மத்தைச் சுற்றித் தயிர் ஓரத்துக்கு ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும் பொருள் ஓரத்துக்குப் போகும். அவர் 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். 1993ஆம் ஆண்டு பை இல்லாத மெஷினைத் தன் பெயரில் விற்கத் தொடங்கினார். இன்று விலை உயர்ந்த மெஷின் என்றால் பலரும் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று. இப்போது குறைந்த விலை மெஷின்களும் இந்த முறையில் வருகின்றன.

5. அதிக விலை எதற்கு?

விலை உயர்ந்த மெஷினில் நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம்? சில காரணங்கள் உண்மையானவை.

பாட்டரி: வயர் வேண்டாம். மாடிப்படி, கட்டிலுக்கு அடி, கார் எங்கும் எடுத்துப் போகலாம்.

மோட்டார்: பாட்டரியில் ஓடும் நல்ல மெஷின்களில் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருக்கும். தேய்மானம் குறைவு. எடையும் குறைவு.

வடிகட்டி: ஹெப்பா என்று ஒரு வகை வடிகட்டி உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் பிடிக்கும். நல்ல மெஷினில் உடம்பிலும் இடுக்கு இருக்காது. காற்று வடிகட்டி வழியாக மட்டுமே வெளியே போகும்.

சுற்றும் பிரஷ்: கம்பளத்தின் நூலுக்குள் இருக்கும் தூசியைத் தட்டி எடுக்கும்.

இவற்றோடு விளம்பரத்துக்கும் பெயருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

இனி யோசித்துப் பாருங்கள். குளிர் நாடுகளில் வீடு முழுக்கக் கம்பளம் விரிப்பார்கள். நம் ஊர் வீடுகளில் தரை டைல்ஸ், மொசைக், கடப்பாக்கல், கிரானைட். கம்பளத்துக்கென்று செய்த பிரஷுக்கு இங்கே வேலை குறைவு.

பாட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டு. மெதுவாக ஓட்டினால் அரை மணி, முக்கால் மணி ஓடும். முழு வேகத்தில் வைத்தால் பல மாடல்கள் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மறுபடி சார்ஜ் ஏறச் சில மணி நேரம் ஆகும். சில வருஷங்களில் பாட்டரியின் பலம் குறையும். புதியது வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும். தூசிக் கிண்ணமும் சின்னது. ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது.

"தங்கச்சி, நாம் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். பட்டித் தூசி ஒரு வாளி வரும். உன் 40,000 ரூபாய் மெஷின் அதற்கு ஆகுமா?" என்று கேட்டார் பெரியக்கா.

"ஆகாது அக்கா" என்றாள் தங்கச்சி. "அதை வாங்க நாற்பது மாதம் சேர்க்க வேண்டும்" என்றார் கணக்கக்கா.

6. வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

மறுநாள் மூவரும் எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போனார்கள். அந்தத் தெருக்களில் மின்சாரச் சாமான் கடைகள் நிறைய உண்டு.

"வாங்கம்மா! இதைப் பாருங்கள். இரண்டாயிரம் வாட்! 5,000 ரூபாய்தான். அந்தப் பெரிய கம்பெனி மெஷின்கூட அறுநூறு வாட்தான்" என்றார் ஒரு கடைக்காரர்.

வாட் என்பது மெஷின் தின்னும் மின்சாரம். அது செய்யும் வேலை அல்ல. 1,000 வாட் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். 2,000 வாட் மெஷின் இரண்டு யூனிட் தின்னும். நிறையச் சாப்பிடுகிறவர் எல்லோரும் நிறைய வேலை செய்கிறார்களா?

ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு சட்டமே போட்டன. 2014ஆம் ஆண்டு முதல் வாக்குவம் கிளீனர் 1,600 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு முதல் 900 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல விசிறியும் அடைபடாத காற்று வழியும் இருந்தால் குறைந்த மின்சாரத்திலேயே தூசியை எடுக்க முடியும்.

பெட்டிமேல் இன்னொரு எண்ணும் இருக்கும். கிலோ பாஸ்கல். இது இழுப்பின் பலத்தைச் சொல்லும். குழாயின் வாயை முழுக்க மூடி அளந்த எண் அது. வேலை செய்யும்போது யாரும் வாயை மூடுவதில்லை. எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதும் முக்கியம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெரியக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "தம்பி, இந்த ரவையைத் தரையில் கொட்டுகிறேன். எடுத்துக் காட்டுங்கள்" என்றார்.

முதல் மெஷின் ரவையை எடுத்தது. டைல்ஸ் இடுக்கில் இருந்ததை விட்டுவிட்டது. ஓரத்தில் இருந்த ரவை சிதறி ஓடியது. இரண்டாவது மெஷின் இடுக்கிலிருந்தும் எடுத்தது.

பிறகு ஒரு சிட்டிகை முகப்பவுடர். அதையும் உறிஞ்சச் சொன்னார். தங்கச்சி செல்போன் விளக்கை மெஷினின் பின்பக்கம் காட்டினாள். காற்று வெளியே வரும் இடம் அது. முதல் மெஷினில் புகை போல வெள்ளையாக வந்தது. முன்னால் எடுத்ததைப் பின்னால் ஊதிக்கொண்டிருந்தது!

"எங்கள் மூக்கு இங்கேதானே இருக்கும்" என்றாள் தங்கச்சி.

சின்ன விஷயம் அல்ல இது. சிமெண்ட், கல், மணல் தூசியில் சிலிக்கா இருக்கும். அது வருஷக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. கட்டட வேலை நடந்த இடத்தில் நல்ல வடிகட்டியும் வேண்டும். முகத்துக்கு நல்ல மாஸ்க்கும் வேண்டும்.

7. நடுவில் ஒரு மெஷின்

மூன்றாவது கடையில் ஒரு டிரம் வடிவ மெஷின் இருந்தது. தூசியும் எடுக்கும். தண்ணீரும் எடுக்கும். டிரம் 20 லிட்டர். மோட்டாரைக் குளிர வைக்கத் தனிக் காற்று வழி இருந்தது. பார்க்க அழகாக இல்லை. சத்தமும் கொஞ்சம் அதிகம்.

அதன் பெயர் தங்கச்சிக்குத் தெரியாது. டி.வி. விளம்பரத்தில் பார்த்ததில்லை. விலை 11,200 ரூபாய்.

ரவையை எடுத்தது. பவுடரையும் எடுத்தது. பின்னால் எதுவும் வரவில்லை. பிறகு பெரியக்கா கேள்விகளை ஆரம்பித்தார். எல்லாம் வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவை.

"தம்பி, தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி உண்டா?"

"உண்டும்மா. இது தொழிலுக்கென்றே செய்தது. ஒரு வருஷம்."

"கார்டில் அப்படி இருக்கிறதா? எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்."

கடைக்காரர் காட்டினார். தங்கச்சி அந்தக் கார்டைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "சரியாக இருக்கிறது அம்மா. ஆனால் வயர், குழாய், கார்பன் பிரஷ், வடிகட்டிக்கு வாரண்டி இல்லை."

"அப்படியென்றால் இவை தனியாகக் கிடைக்குமா? என்ன விலை?"

"ஒரு செட் கார்பன் 350 ரூபாய். வடிகட்டி ஒன்று 200. எங்களிடமே கிடைக்கும்."

"ரிப்பேர் எங்கே செய்வீர்கள்? எத்தனை நாள் ஆகும்?"

கடைக்காரர் சிரித்தார். "வக்கீல் மாதிரி கேட்கிறீர்களேம்மா!"

"ஒரு தடவை பணம் கட்டிப் படித்துவிட்டோம் தம்பி" என்றார் பெரியக்கா.

சர்வீஸ் சென்டரின் விலாசத்தையும் போன் நம்பரையும் கணக்கக்கா எழுதிக்கொண்டார். அங்கேயே போன் செய்தும் பார்த்தார். மணி அடித்தது. ஆள் பேசினார்.

மெஷின் 11,200. கார்பன் ஒரு செட் 350. வடிகட்டி இரண்டு 400. மொத்தம் 11,950 ரூபாய். 12,000 ரூபாயில் மீதி 50. ஐந்து பேருக்கு டீக்கு ஆயிற்று.

8. பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்

கடையை விட்டுக் கிளம்பும் முன் கணக்கக்கா நாலு விஷயங்களைச் சரிபார்த்தார்.

ஒன்று: பில்லில் மாடல் பெயரும் மெஷின் நம்பரும் தேதியும் இருக்கிறதா?
இரண்டு: வாரண்டி கார்டில் கடை முத்திரை இருக்கிறதா?
மூன்று: கொடுத்த விலை பெட்டியில் உள்ள எம்.ஆர்.பி. விலைக்குள் இருக்கிறதா? எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் சேர்ந்தே இருக்கும். அதற்குமேல் கேட்கக் கூடாது.
நான்கு: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? முத்திரைக்குக் கீழே லைசென்ஸ் நம்பர் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் அந்த நம்பரைப் போட்டால் முத்திரை உண்மையா போலியா என்று தெரியும்.

சாமானில் குறை இருந்து கடைக்காரர் கவனிக்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை.

"தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்" என்று சிலர் சொல்லக்கூடும். அது முழு உண்மை அல்ல. தன் பிழைப்புக்காக, சுயதொழில் செய்வதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆனால் கார்டில் உள்ள நிபந்தனை வேறு விஷயம். அதை வாங்கும் முன்பே படிக்க வேண்டும். தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

9. ஓட்டும்போது கவனம்

வேலை முடிந்ததும் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டுங்கள். கழுவக்கூடிய வடிகட்டியாக இருந்தால் கழுவி நன்றாகக் காய வைத்துப் போடுங்கள்.

தூசி மட்டும் எடுக்கும் மெஷினில் தண்ணீரை உறிஞ்சாதீர்கள். மோட்டார் கெடும். ஷாக் அடிக்கும்.

மூன்று பின் உள்ள பிளக்கை எர்த் உள்ள பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள். வயரைப் பிடித்து இழுத்துப் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

ஊதுபத்திக் கங்கு, சூடான சாம்பல் இவற்றை எடுக்காதீர்கள். பெயிண்டருடைய தின்னர் சிந்திய இடத்தில் மெஷினை ஓட்டாதீர்கள். மோட்டாரில் வரும் சின்னப் பொறி போதும், தீப்பிடிக்க.

கருகிய வாசனை வந்தால், சத்தம் மாறினால், உடனே நிறுத்துங்கள். கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. ஆளுக்கு ஒரு பதில்

தங்கச்சி வேலை செய்யும் இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பையன் இருக்கிறான். அவனுக்கு வீசிங். இரவில் இருமுவான். படுக்கையில் உள்ள தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அந்த வீட்டு அம்மா கேட்டார். "நீங்கள் புது மெஷின் வாங்கினீர்களாமே. எனக்கும் அதையே வாங்கித் தருகிறாயா?"

தங்கச்சி யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அது உங்களுக்கு வேண்டாம்மா. எங்கள் மெஷின் கனம். மாடி ஏற்ற உங்களால் முடியாது. உங்கள் வீட்டில் வாரத்துக்கு அரை மணி நேரம்தான் ஓடும். உங்களுக்கு வேண்டியது நல்ல வடிகட்டி. ஹெப்பா என்று போட்டிருக்க வேண்டும். ஹெப்பா மாதிரி என்று போட்டிருந்தால் அது வேறு. பின்னால் தூசி வருகிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். மூடிய பை உள்ள மெஷின் என்றால் தூசியைக் கொட்டும்போது பறக்காது. உங்களுக்குக் கட்டுப்படியானால் விலை கூடிய மெஷின் வாங்கலாம். முடியாவிட்டால் நடுத்தர விலையிலேயே பை உள்ளது கிடைக்கும். மெத்தையை வெயிலிலும் போடுங்கள்."

அந்த அம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"4,500 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டோம் அம்மா" என்றாள் தங்கச்சி.

குறைந்த விலை மெஷின் கெட்டது அல்ல. சின்ன வீட்டுக்கு அது பல வருஷம் உழைக்கும். விலை கூடிய மெஷின் வீண் அல்ல. அதன் குணம் தேவைப்படும் வீட்டுக்கு அது சரி. எவ்வளவு விலை என்பது இரண்டாவது கேள்வி. எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம், ரிப்பேர் யார் செய்வார் என்பது முதல் கேள்வி.

டிரம் மெஷின் இப்போதும் ஓடுகிறது. கணக்கக்கா நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதுகிறார். 300 மணி நேரம் ஆனதும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனார்கள். கார்பன் பாதி தேய்ந்திருந்தது. வாங்கி வைத்திருந்த செட்டைப் போட்டார்கள். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார்கள்.

பதில் சொல்லுங்கள்

1. முதல் மெஷினுக்கு ஏன் வாரண்டி கிடைக்கவில்லை?
2. கார்பன் பிரஷின் வேலை என்ன?
3. வாட் என்பது எதைக் குறிக்கும்?
4. பெரியக்கா ஏன் கடைக்கு ரவை கொண்டுபோனார்?
5. வீட்டு அம்மாவுக்குத் தங்கச்சி ஏன் வேறு மெஷினைச் சொன்னாள்?

கணக்குப் போடுங்கள்

1. 1,500 வாட் மெஷின் 2 மணி நேரம் ஓடுகிறது. எத்தனை யூனிட் செலவாகும்?
2. ஒரு மெஷின் தினமும் 2 மணி நேரம், மாதம் 20 நாள் ஓடுகிறது. 3 மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு மின்சாரப் பொருளின் வாரண்டி கார்டை எடுங்கள். மிக்ஸி, மின்விசிறி, அயர்ன் பாக்ஸ் எதுவானாலும் சரி. எத்தனை மாத வாரண்டி, எந்தப் பாகத்துக்கு வாரண்டி இல்லை, சர்வீஸ் சென்டர் எங்கே என்று மூன்று வரி எழுதுங்கள். பில்லையும் கார்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.